மூன்று டயர் தள்ளி

என்னைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கி வாங்கிய பிறகும், கடைக்காரர் கண் மறைவில் மாற்றிப் போட்டாரோ என்று வழியில் நின்று மறுபடி குலுக்குவேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் தந்தால், அந்த இருக்கையில் என்ன பிழை என்று பார்த்துவிட்டுத்தான் இருப்பேன். பிறவிக் குணம் பாதி, மிச்சம் தொழில் தந்தது. பதினொரு வருடமாகக் கண்ணிவெடி அகற்றுகிற வேலை செய்கிறேன். சிவப்புத் தடி நட்டுப் பிரித்த ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நின்று, கருவி கத்துகிற இடத்தைப் பக்கவாட்டால் மெல்ல மெல்லச் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். ஆணியாக இருக்கலாம், சோடா மூடியாக இருக்கலாம். ஆனால் வெடி என்றே நினைக்க வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வீடு வன்னியில், கண்டாவளைப் பக்கம். வீட்டுக்காரர் டிராக்டர் ஓடுகிறார். நல்ல மனிசன், பேச்சுக் குறைவு. அவரிடம் ஒரு பழக்கம், எதையும் டயரால்தான் அளப்பார். டிராக்டரின் பின் டயரைப் படுக்கப் போட்டால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அது ஒரு டயர். "அலுமாரியை அரை டயர் தள்ளி வையும்" என்பார். எங்கள் கலியாணத்துக்கு முதல்நாள் என் மாமாவிடம் "பந்தலை ரெண்டு டயர் முன்னால போடுங்கோ" என்று சொல்லிவிட்டார். மாமா இரண்டு பழைய டயரைத் தேடிக்கொண்டு வந்து பந்தல் வாசலில் வைத்துவிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்டார். என் பக்கத்துச் சொந்தம் இன்றைக்கும் அவரை டயர் மாப்பிள்ளை என்றுதான் சொல்லும்.

பொம்மை ஆமிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தது கோயில் திருவிழாக் கடையால். முல்லைத்தீவிலிருந்து வந்து கடை போடுகிற முஸ்லிம் நானா ஒருவரிடம் உடுப்புக் கொழுவும் கிளிப் வாங்கப் போனேன். தலைக்கு மேலே ஒரு பொலித்தீன் பை தொங்கியது, உள்ளே பச்சைப் பிளாஸ்ரிக் ஆமிக்காரர். ஒருவன் நின்று சுடுகிறான், ஒருவன் முழங்காலில் நின்று சுடுகிறான், ஒருவன் படுத்துச் சுடுகிறான். நடுவில் ஒருவன் மட்டும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நீளத் தடியின் முனையில் தட்டம் பூட்டிய கருவியோடு நிமிர்ந்து நிற்கிறான். கண்ணிவெடி தேடுகிறானாம். முகக் கவசம் இல்லை, மார்புக் கவசம் இல்லை. கருவி நிலத்தில் படவில்லை, பார்வை வானத்தில். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானா, இவன் செத்துப்போவான்" என்றேன்.

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ள, அவன் பிளாஸ்ரிக்" என்றார்.

ஆனாலும் வாங்கிவிட்டேன். நிற்கத் தெரியாமல் நிற்கிற ஒருவனைப் பார்த்துவிட்டுப் போக என்னால் முடியாது.

அவனைச் சரியாக முழங்காலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு பேணியில் சுடுதண்ணி ஊற்றி அவனை உள்ளே விட்டேன். கால் இளகியதும் மடக்கிப் பிடித்துப் பச்சைத் தண்ணிக்குள் வைத்தேன். மடங்கித்தான் நின்றான். விடிய எழும்பிப் பார்த்தால் பாதி நிமிர்ந்திருக்கிறான். அந்தப் பிளாஸ்ரிக்குக்குத் தன் பழைய நிலை மறக்காது. ஆகவே வெட்டத்தான் வேண்டும். முழங்காலில் நின்று சுடுகிறவனின் காலை இடுப்போடு பிளேட்டால் வெட்டி, இவனுடைய மேலுடம்பை அதன்மேல் வைத்தேன். சூப்பர் குளூ அதில் பிடிக்காது, காய்ந்ததும் கழன்றுவிடும். குண்டூசியைத் துண்டாக வெட்டி, மெழுகுதிரியில் சூடாக்கி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எலும்பு மாதிரிக் குத்திவிட்டால்தான் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது பேர் வீணானார்கள்.

பிறகு கை விடவில்லை. வீட்டுக்காரர் குடிக்கிற பிரசர் குளிசையின் அட்டையில் அந்தக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறதல்லவா, அதைப் பாதியாக வெட்டினால் அச்சாவான முகக் கவசம். பழைய கைப்பையின் ரெக்சினில் மார்புக் கவசம். கொண்டை ஊசியை நெரித்து வளைத்தால் மண் சுரண்டுகிற முள். எங்கள் குழுவில் இருக்கிற பதினொரு பேரையும் செய்ய ஆசை வந்தது, நானாவிடம் மிச்சம் இருந்த பைகளையும் வாங்கிவந்தேன். ஒருத்திக்கு இடது தோள் எப்பவும் சரிந்திருக்கும், அப்படியே வைத்தேன். ஒருத்தி வியர்வை துடைக்க முகக் கவசத்தைத் தூக்கித் தூக்கி ஏச்சு வாங்குவாள். குண்டு எறிகிற ஆமிக்காரனின் ஓங்கிய கையை வளைத்து அவளுடைய நெற்றிக்குக் கொண்டுவந்தேன். தண்ணி குடிக்க விடுகிற நேரத்தில் இடுப்பில் கை வைத்து முதுகை முறிக்கிற ஒருத்தி, அவளுக்காக மூன்று ஆமிக்காரரை வெட்டினேன். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

இதை வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. அவருடைய தமையன் ஒருவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். இந்த வீட்டுக்குள் ஆமிப் பொம்மை என்றால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அவர் வயலுக்குப் போன பிறகு, நெல்லு மூட்டை அடுக்கியிருக்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டுச் செய்வேன். செய்தவர்களை மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைப்பேன். மறைக்கிற காரியம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாத காரியம் என்றுதான் நினைத்தேன்.

கரைச்சல் வந்தது அவர்கள் சுடுகிற துவக்குகளால். ஒவ்வொருவனுடைய கையிலிருந்தும் விரலைக் காயப்படுத்தாமல் வெட்டி எடுத்த துவக்கு நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. குப்பையில் போட முடியாது. குப்பையைக் கிளறுகிறவர்கள் இந்த வீட்டில் ஏன் இத்தனை துவக்கு என்று கேட்பார்கள். மூன்று நான்கை அடுப்பில் போட்டுப் பார்த்தேன். மயிர் எரிகிற நாற்றம் வளவு முழுக்கப் பரவியது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அயலட்டைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா எரிக்கிறீங்க? இப்படி நாறுது?"

அவளுடைய தகப்பன் காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். இங்கேயே பிறந்தவள், ஆனால் கதையில் மலைநாடு இன்னும் இருக்கும். எங்கள் வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து வரக்கூடிய ஓட்டை. அதற்குள்ளால் கறி போகும், உப்பு வரும், அவளுடைய ஆட்டுக்குட்டியும் வரும். "பழைய செருப்பு" என்றேன் நான். அவள் அங்கிருந்து உடனே போகவில்லை. அதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு முடிந்து படுத்திருந்த நேரம், துவக்குகளை ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு, பொலித்தீனால் சுற்றி, கிணற்றிலிருந்து தள்ளி, தென்னம்பிள்ளைப் பக்கமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தேன். பதினொரு வருடமாக நிலத்திலிருந்து எடுக்கிற கை, அன்றைக்கு முதன்முதலாக நிலத்துக்குள் வைத்தது. பழக்கத்தில் புல்லைத் துண்டாக வெட்டி எடுத்து, டின்னை ஆட்டாமல் அசைக்காமல் இறக்கி, மண்ணை விரலால் மூடி, புல்லை மேலே வைத்து அமத்தினேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வன்னியில் எந்தப் பைத்தியமும் வளவுக்குள் பிளாஸ்ரிக் துவக்கைக்கூடப் புதைக்காது. எனக்கு அந்த நேரம் அது உறைக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, என்னுடைய லீவு நாளில் வந்தார்கள். இரண்டு பொலிஸ் ஜீப், மண் கிண்டுகிற ஒரு பெக்கோ, நீதிமன்றக் கடிதம், கிராம சேவையாளர், வெடிபொருள் எடுக்கிற அதிகாரி. ஊரும் பின்னால் வந்தது. எங்கள் பக்கத்தில் பெக்கோ ஒரு வளவுக்குள் போனால் அது சண்டைக் காலத்தில் புதைத்த தங்கம் அல்லது ஆயுதம். சனம் தங்கம் என்றுதான் நம்பும், அதுதான் பார்க்கச் சுவை. ஐஸ்பழக்காரர்கூட ஒழுங்கையில் வானை நிறுத்திவிட்டார்.

அவர்கள் எங்கும் தேடவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார்கள், கிணற்றிலிருந்து தென்னம்பிள்ளையைப் பார்த்து நடந்தார்கள், நின்றார்கள். நான் கண்ணிவெடிக் குழுவில் இருப்பவள். நாங்கள் எடுக்கிற பொருளில் ஒரு துண்டு வீட்டுக்கு வந்தாலும் வேலை போகும், வேலையோடு ஆளும் உள்ளே போகும். டின்னுக்குள் இருப்பது பிளாஸ்ரிக் என்று எனக்குத் தெரியும். ஆனால் பயம் அதைக் கேட்குமா?

ஒருவர் மண்வெட்டியை ஓங்கி நேர் மேலால் கொத்தினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மேலால கொத்தாதேங்கோ! பக்கத்தால வாங்கோ!"

வெடிபொருள் அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். "உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு தெரியுமா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள், என்னுடைய வாய் என்னை மறியற்சாலைக்குத்தான் கொண்டுபோகப் பார்த்தது. "விளையாட்டுத் துவக்கு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சனத்தை எல்லாம் ஒழுங்கைக்குத் தள்ளிவிட்டு, அவர்தான் பக்கத்தால் சுரண்டி டின்னை எடுத்துத் திறந்தார். ஒரு துவக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அது அவருடைய சின்ன விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். பிறகுதான் சிரிப்பு வந்தது, ஒவ்வொருவராக, ஒழுங்கை வரைக்கும். ஏன் என்று கேட்டார்கள். நான் நெல்லு அறைக்குள் போய்ச் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து கிணற்றுக் கட்டில் வைத்தேன். அதிகாரி ஒருத்தியை எடுத்து, அந்தக் குளிசை அட்டைக் கவசத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். "சரி. இப்பிடித்தான் இருக்க வேணும்" என்றார். அன்றைக்கு அந்த வளவில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

வீட்டுக்காரர் டிராக்டர் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே குந்தி இருந்து முகத்தை இரண்டு கையாலும் மூடினார். கோபம் என்று நினைத்தேன்.

சிரித்துவிட்டுப் போனாலும் விசாரணைக் கோவை மூடப்படவில்லை. அறிக்கை வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று எங்கள் வேலையிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். எனக்கு வேலைகூட இரண்டாவது. யார் சொன்னது? அதுதான் என்னைத் தின்றது. அவ்வளவு நேராக அந்த இடத்துக்கு வருவதென்றால், பார்த்த ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு ஆள் தெரியும் என்று நினைத்தேன். எரித்த நாற்றத்துக்கு எட்டிப் பார்த்தவள். பொட்டு கிணற்றடிக்கு நேரே. அதோடு, பெக்கோ வந்த அதே கிழமை அவளுடைய வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் வந்து இறங்கியது. தகவல் தந்தால் காசு கொடுப்பார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வேறென்ன வேண்டும்? உண்மையைச் சொன்னால், என் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. அவள் மலைநாட்டுக் குடும்பம். எங்கள் சனத்துக்குள் அவர்களைப் பற்றி ஒரு பழைய கேவலமான நினைப்பு உண்டு. எனக்குள் இல்லை என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். அது இருந்தது, தேவைப்பட்ட உடனே எழும்பி வந்து எனக்கு உதவி செய்தது.

முள்ளுக்கம்பி வாங்கிவந்து பொட்டை அடைத்தேன். நான் அடித்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"விடும். பாவம், அவ செய்திருக்க மாட்டா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் டிராக்டருக்கு எண்ணெய் போடப் போய்விட்டார். எனக்கு அவர் மேலும் கொஞ்சம் எரிச்சல். ஊருக்கு நல்லவர், எனக்கு வாய் திறக்க மாட்டார். அடுத்த நாள் அவள் பலாக்கொட்டைக் கறிக் கோப்பையோடு பொட்டடிக்கு வந்தாள். கம்பியைப் பார்த்தாள். கிணற்றடியில் நின்ற என்னையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, கோப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். குற்றம் செய்தவளுக்குத்தான் கேட்க வாய் வராது என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதினேன்.

இரண்டு மாதம் கழிந்து, கோவையை மூடக் கையெழுத்து வைக்கப் பொலிஸுக்கு வரச் சொன்னார்கள். தனியத்தான் போனேன். சிங்களத்தில் எழுதியிருந்ததை அங்கே வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி தமிழில் வாசித்துச் சொன்னாள். யார் சொன்னது என்று அதில் இல்லை. தொலைபேசியில் வந்த தகவல், பெயர் தரவில்லை, ஆண் குரல். ஆண் என்றதும், அப்போ அவளுடைய புருசன் என்று மாற்றி எழுதிக்கொண்டேன். அந்தப் பிள்ளை தொடர்ந்து வாசித்தாள்.

"வெளியாக்கள் ஆரோ வந்து புதைச்சிருக்கினம், வீட்டு ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லியிருக்கு. இடம்... கிணத்தில இருந்து தென்னம்பிள்ளைப் பக்கம் மூண்டு டயர் தள்ளி." அவள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள். "டயர் எண்டுதான் இருக்கு. இதென்ன அன்ரி, அதில டயர் ஏதும் கிடந்ததோ?"

கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம்" என்றேன். "பழைய டயர் மூண்டு கிடந்தது. இப்ப இல்லை."

கையெழுத்து வைத்தேன். பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் தந்தார்கள், பிழை பார்க்காமலே அதில் இருந்தேன். வீட்டுக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்திருக்கவில்லை. யன்னலால் பார்த்திருக்கிறார். கண்ணிவெடி அகற்றுகிற தன் மனிசி ஒரு டின்னை ஆட்டாமல் அசைக்காமல் கிடங்குக்குள் இறக்கி, புல்லால் மூடுவதைப் பார்த்திருக்கிறார்.

எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது எல்லாம் கேட்பார்கள். சாதகம், காணி, சுகவீனம், கிணற்றுத் தண்ணி உப்பா நன்னீரா என்றுகூடக் கேட்பார்கள். சண்டைக் காலத்தில் நீ எங்கே இருந்தாய், என்னவாக இருந்தாய் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் விடுவதுதான் மரியாதை. நான் எதிலும் இருந்ததில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் முகாமில் இருந்து வந்தவள், அவ்வளவுதான். ஆனால் அதையும் நான் அவரிடம் சொன்னதில்லை. கேட்காததற்குப் பதில் சொன்னால், இவள் ஏன் இதைச் சொல்கிறாள் என்று ஒரு சந்தேகம் வருமே. எனக்கு வரும், ஆகவே அவருக்கும் வரும் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடம்.

வீட்டுக்கு வந்தபோது அவர் டிராக்டருக்குக் கீழே கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். நான் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"மூண்டு டயரோ, நாலோ?" என்று கேட்டேன்.

கை நின்றது. வெளியே வந்து, நிலத்தில் இருந்தபடியே துணியால் விரல் விரலாகத் துடைத்தார்.

"வெளியாக்கள் எண்டுதானே சொன்னனான்" என்றார். "உம்மட பேர் வராமல்தானே சொன்னனான். பிறகு ஒருநாள் ஆரும் கண்டுபிடிச்சா உம்மைக் கொண்டுபோயிடுவாங்கள். வெடிச்சா நீர் செத்துப்போவீர். எனக்கு வேற வழி தெரியேல்லை."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "பக்கத்தில படுக்கிற மனிசி நான். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டிருப்பன்" என்றார். "நீர் ஓம் எண்டு சொல்லியிருந்தா?"

கைப்பையை டிராக்டர் மட்கார்டில் வைத்துவிட்டு, குறட்டை எடுத்துக்கொண்டு பொட்டடிக்குப் போனேன். கம்பி துள்ளியதில் வெட்டுப்படவில்லை. அவர் பின்னால் வந்து மற்றத் தலைப்பை இழுத்துப் பிடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். புதுத் தகரம் அவளுடைய தம்பி வாங்கிக் கொடுத்ததாம், பிறகு ஒருநாள் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் பத்து நாள் போனது. "விடுங்கக்கா" என்றாள். கறி வருகிறது. ஆட்டுக்குட்டியும் வருகிறது. அவள் மட்டும் இப்போதெல்லாம் பொட்டுக்குள்ளால் வருவதில்லை, முன்வாசல் படலையால்தான் வருகிறாள்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். பதினொரு பேரும் இப்போது அலுமாரிக் கண்ணாடிக்குள் எல்லாரும் பார்க்க முழங்காலில் நிற்கிறார்கள். அன்று கம்பியை வெட்டி முடித்த பிறகு, அவர் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன், அவர் கேட்காமலே.

"இந்த வளவுக்குள்ள நான் வேற ஒண்டும் புதைக்கேல்லை."

"ஓம்" என்றார் அவர்.

பிறகு கிணற்றடியைத் தாண்டித் தென்னம்பிள்ளைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.